ஹார்ட்கோர் பேண்டில ஊர் ஊராப் போய் அடிக்கிறது: ஆக்கள் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

நான் ட்ரம்ஸ் அடிக்கிறவன், ஊர் மட்டக்களப்பு கல்லடி. பேண்டில நாலு பேர், பாடுறவன் கல்லாறு, கிட்டார் ஆரையம்பதி, பேஸ் அக்கரைப்பற்று. கலியாண வீட்டில, சலூனில, ஷோ முடிஞ்சு வயர் சுத்திக்கிட்டிருக்கக்குள்ள எண்டு எங்க போனாலும் இதே கேள்விகள்தான் வருது. ஒவ்வொருத்தருக்கும் அவசரத்தில அரைகுறையாச் சொல்லிச் சொல்லி மனசு கேக்கல்ல, அதான் ஒருக்கா இருந்து ஒழுங்கா எழுதுறன்.

ஹார்ட்கோர் எண்டா என்ன? மெட்டல்தானே அது?

இல்ல. ரெண்டுலயும் சத்தம் இருக்கு, ரெண்டுலயும் கத்துறாங்க, அதால வெளியில இருந்து கேக்கிற ஆளுக்கு ஒண்டு போலதான் இருக்கும். ஆனா மெட்டலில கிட்டார்காரன் தனியா நிண்டு கைவித்தை காட்டுற இடம் இருக்கும், ஹார்ட்கோரில அதுக்கு நேரமே இல்ல, ஒரு பாட்டு ஒரு நிமிசம், மிஞ்சினா ரெண்டு நிமிசம். பங்க் எண்ட ரொக் வகை வந்தது 70களின்ட நடுவில, நியூயோர்க்கிலயும் லண்டனிலயும். அதுக்குப் பிறகு 1980 பக்கம் அமெரிக்காவில கலிபோர்னியா, வாஷிங்டன் பக்கத்துப் பொடியனுகள் அதை இன்னும் வேகமாக்கி, இன்னும் சுருக்கி அடிச்சதுதான் ஹார்ட்கோர். பிளாக் ஃபிளாக், மைனர் த்ரெட், பேட் பிரெய்ன்ஸ் எல்லாம் அந்தக் காலத்து ஆக்கள். பேட் பிரெய்ன்ஸ் நாலு பேரும் கறுப்பினப் பொடியனுகள், முதல்ல ஜாஸ் பியூஷன் வாசிச்சவங்க, அதாலதான் அவ்வளவு வேகத்திலயும் அவங்கட அடி ஒண்டு கூடத் தவறாது. இங்கிலாந்தில டிஸ்சார்ஜ் எண்ட பேண்ட் அடிச்ச ஒரு அடிக்கு டி-பீட் எண்டு பேர் வந்திட்டு, நான் அடிக்கிறதில அரைவாசி அதுதான்.

ஆனா சத்தத்தை விட எனக்குப் பெரிசாப் படுறது வேற ஒண்டு. இவங்களை எந்தப் பெரிய கம்பெனியும் திரும்பிக் கூடப் பாக்கல்ல, அதால எல்லாத்தையும் தாங்களே செஞ்சாங்க. வாஷிங்டனில டீன் ஐடில்ஸ் எண்ட சின்னப் பொடியனுகள் ஷோவில வந்த காசைப் பங்கு போடாமச் சேத்து வச்சு, 1980ல தங்கட ரெக்கோர்டைத் தாங்களே போட்டாங்க, டிஸ்கோர்ட் எண்ட லேபல் அப்பிடித்தான் வந்தது. பிளாக் ஃபிளாக் ஒரு வேனில சாமானை ஏத்திக்கிட்டு ஊர் ஊராப் போய், கேக்க வந்தவங்கட வீட்டுத் தரையிலயே படுத்து எழும்பி, அடுத்த ஊருக்குப் போனாங்க. நாங்க செய்யிறதும் அதேதான், வேன் மட்டும் டொல்பின்.

டூர் எண்டு எங்க போவீங்க?

கூடப் போறது தெக்கால, கடலோரமா. கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில், அறுகம்பே. மட்டக்களப்பில இருந்து பொத்துவில் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, அதால ஒரு கிழமை லீவு எடுத்தா இடையில நிண்டு நிண்டு நாலு ஷோ அடிக்கலாம். வருசத்தில ஒருக்கா திருகோணமலை, யாழ்ப்பாணம். இன்னொருக்கா கண்டி, கொழும்பு. நாலு பேருக்கும் வேலை இருக்கு, நான் வயரிங் வேலை, பாடுறவன் வாத்தியார், லீவு கிடைக்கிறதைப் பாத்துத்தான் எல்லாம்.

வைகாசிக்கும் புரட்டாதிக்கும் இடையிலதான் போவம். கார்த்திகை, மார்கழி, தை எங்கட பக்கம் மழை, வெள்ளம் வந்தா றோட்டே இருக்காது. அறுகம்பேயிலயும் சீசன் அந்த வெயில் மாசங்கள்தான், சேர்ஃப் அடிக்க வாற வெளிநாட்டுக்காரர் நிப்பாங்க, நாலு ரீசேர்ட் கூட விக்கும்.

ஒரு ஷோ நாள் எப்பிடிப் போகும்?

25 நிமிசம் அடிக்கிறதுக்காக 24 மணித்தியாலம் போகும். விடிய 5 மணிக்கு வேன் வரும். எதை முதல் ஏத்திறது எதைப் பிறகு எண்டு ஒரு ஒழுங்கு இருக்கு, பேஸ் அம்ப் அடியில, கிக் ட்ரம் அதுக்குப் பக்கத்தில, ட்ரம்முக்குள்ள தலகணியும் பாயும், கிட்டார் எல்லாத்துக்கும் மேல. இந்த ஒழுங்கு பிழைச்சா களுவாஞ்சிக்குடிக்குக் கிட்ட ஒரு பிரேக் பிடிக்கிறதோட சிம்பல் ஸ்டாண்ட் வளைஞ்சிரும், எங்களுக்கு அது நடந்திருக்கு.

போனதும் சாமானை இறக்கி, கரண்டைப் பாத்து, சவுண்டைப் பாத்து, பிறகு காத்திருக்கிறதுதான். டூர் எண்டா முக்காவாசி இந்தக் காத்திருப்பு. ஹோல்காரர் திறப்போட வருவார் எண்டு காத்திருப்பம், கரண்ட் வரும் எண்டு, ஆக்கள் வரும் எண்டு. சின்னதுகள் ட்ரம்மைத் தட்டிப் பாக்க வருங்கள், நான் ஸ்டிக்கைக் குடுத்திருவன்.

ஒருக்கா பொத்துவிலில சவுண்ட் பாக்கக்குள்ளயே ஸ்நேர் எண்ட சின்ன ட்ரம்மின்ட தோல் நடுவால கிழிஞ்சிட்டு. மாத்துத் தோல் கொண்டு போகல்ல, அது என்ட பிழை. பின்னேரம் 4 மணி, அந்த ஊரில ட்ரம் தோல் விக்கிற கடை எங்க? ஹோலைக் கூட்டிக்கிட்டிருந்த ஒரு அண்ணன் ஒண்டும் பேசாம சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயிட்டார், அரை மணித்தியாலத்தில ஒரு பழைய ஸ்கூல் பேண்ட் ட்ரம்மைக் காவிக்கொண்டு வந்தார், வளையமெல்லாம் துரு, அளவு ஒரு அங்குலம் குறைவு. அதை ரெண்டு செங்கல்லுக்கு மேல வச்சு, அடியில ஈரத் துணி மடிச்சுக் குடுத்து, அதிலதான் முழுச் செட்டும் அடிச்சன். அண்ணன் ஷோ முடியும் வரைக்கும் எனக்குப் பக்கத்திலயே குந்தியிருந்து, செங்கல் நகர நகரக் கையால தள்ளித் தள்ளி விட்டுக்கிட்டிருந்தார். இண்டைக்கும் அந்தப் பக்கம் போனா அவரைக் காணாம வாறதில்ல.

இந்தச் சத்தத்துக்கு இஞ்ச ஆள் வருதா?

வருது. 30 பேர் வந்தா நல்ல ஷோ, 80 பேர் வந்தா நாங்க ஒரு மாசத்துக்கு அதையே கதைப்பம். எட்டுப் பேருக்கு அடிச்சிருக்கம், அதில ரெண்டு பேர் மழைக்கு ஒதுங்கினவங்க. எட்டுப் பேர் எண்டு அடியைக் குறைக்கிறதில்ல, அவங்க என்ன பிழை செஞ்சாங்க?

ஒண்டு சொல்லணும். நாங்க மேடையில அடிக்கிறதில்ல, தரையில நடுவில நிண்டு அடிப்பம், ஆக்கள் சுத்தி நிப்பாங்க. கொழும்புப் பொடியனுகள் இதை ஏதோ புதினமாப் பாப்பாங்க, எங்கட ஊர் ஆக்களுக்கு இது புதுசே இல்ல, கூத்துக் களரி வட்டமாத்தானே, சுத்தி இருந்துதானே விடிய விடியப் பாக்கிறது. மண்முனைப் பாலத்தால படுவான்கரைக்குப் போய் ஒரு வாசிகசாலை வளவில அடிச்ச நாள், நாங்க ஒண்டும் சொல்லாமலே ஆக்கள் பாயைக் கொண்டு வந்து எங்களைச் சுத்தி வட்டமாப் போட்டு இருந்திட்டாங்க. முன்னுக்குக் கதிரையில கூத்துப் பழக்கிற ஒரு வயசான அண்ணாவியார், கடைசி வரை எழும்பல்ல. முடிஞ்ச பிறகு கிட்டப் போய் கும்பிட்டன். சத்தம் கூடிப் போச்செண்டு ஏசப் போறார் எண்டு நினைச்சன். அவர் என்ட கையைப் பிடிச்சு, உள்ளங்கை கொப்புளத்தைத் தடவிப் பாத்திட்டுக் கேட்டார், "வேகம் சரி மகன், ஏன் ஒரு பாட்டுக்கும் தீர்மானம் வைக்கல்ல? வெட்டி விட்ட மாதிரி நிக்குது." கூத்தில ஆட்டத்தை ஒரு கட்டு அடிச்சு முடிச்சு வைக்கிறது தீர்மானம். ஹார்ட்கோரில திடீரெண்டு நிப்பாட்டுறதுதான் வழக்கம் எண்டு சொன்னன். அவர் தொடையில மூண்டு தரம் தட்டிக் காட்டினார். இப்ப எங்கட கடைசிப் பாட்டு மட்டும் அந்த மூண்டு தட்டோடதான் முடியும்.

என்ன பாடுறீங்க எண்டே விளங்கல்ல. தமிழா?

தமிழ்தான், எங்கட பேச்சுத் தமிழ். தொடக்கத்தில இங்கிலீசில எழுதிப் பாத்தம், பிறகு எழுத்துத் தமிழ்ல, ரெண்டும் சரிவரல்ல. "இருக்கின்றது" எண்டு பாட வெளிக்கிட்டா நாலு அடி அதிலயே போயிரும், "இருக்கு" எண்டா ஒரே அடி. க, ட, ற எல்லாம் கத்துறதுக்கெண்டே செஞ்ச எழுத்து மாதிரி. வேகத்தில விளங்காது எண்டது எங்களுக்கும் தெரியும், அதால வரிகளை ஏ4 பேப்பரில போட்டோகொப்பி அடிச்சு மடிச்சு ஷோவுக்கு முதலே குடுப்பம். நுண்கடன் எடுத்து, கிழமைக்குக் கிழமை கட்ட வழியில்லாம, கலெக்ட் பண்ண வாற ஆளின்ட பைக் சத்தம் கேட்டு ஒளிக்கிற அம்மாமாரைப் பத்தி ஒரு பாட்டு இருக்கு. கல்முனையில அந்தப் பேப்பரை வாசிச்சிட்டு ஒரு அம்மா மடிச்சு பேர்ஸுக்குள்ள வச்சதைக் கண்டன். அவவுக்கு அந்தச் சத்தம் பிடிச்சதோ தெரியா, பேப்பரை வச்சுக்கிட்டா.

காசு வருதா?

வராது. கையில இருக்கிறது போகாம இருந்தாப் போதும் எண்டுதான் கணக்கு. வாசலில ஒரு டப்பா வைப்பம், விரும்பினதைப் போடலாம், இல்லாதவங்க சும்மா வரலாம். ஃபுகாசி எண்ட பேண்ட் பெரிசா வளந்த பிறகும் டிக்கெட்டை 5 டொலர் மாதிரியே வச்சிருந்தாங்க, அதை வாசிச்ச நாளில இருந்து எனக்கு இந்த விசயத்தில வேற யோசனை வந்ததில்ல. ரீசேர்ட், ஸ்டிக்கர் விக்கிற காசு டீசலுக்குப் போகும்.

2022ல நாட்டில வந்த பொருளாதார நெருக்கடியோட எல்லாம் உடைஞ்சது. தை மாசம் டீசல் லீட்டர் 121 ரூபா, ஆனி கடைசியில 460. காசு இருந்தாலும் டீசல் இல்ல, லைனில ராப் பகலா நிக்கணும், பிறகு கியூஆர் கோட் முறை வந்து கிழமைக்கு இவ்வளவு டீசல்தான் எண்டாங்க. பங்குனியில கரண்ட் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போனது, அம்ப் எங்க போடுறது. அந்த வருசம் வேனை விட்டிட்டு பஸ்ஸில போனம், ஸ்நேரும் சிம்பலும் பெடலும் மட்டும் காவிக்கிட்டு, மிச்சமெல்லாம் போற ஊரில இசைக்குழுக்காரரிட்ட இரவல். கோயில் திருவிழாவுக்கு அடிக்கிற அந்த அண்ணன்மாருக்கு நாங்க அடிக்கிறது கொஞ்சமும் பிடிக்காது, ஆனா ஒருத்தர் கூட ட்ரம் தர மாட்டன் எண்டு சொல்லல்ல.

எங்க படுக்கிறது, என்ன சாப்பிடுறது?

ஷோ வச்சவங்கட வீட்டில. ஹோல், விறாந்தை, ஒருக்கா நெல்லு மூட்டைக்கு மேல. சாப்பாடு அந்த வீட்டில என்னவோ அது, புட்டும் மீன் பாலாணமும், இடியப்பமும் சொதியும், விடிய முட்டித் தயிரும் வாழைப்பழமும். கடைச் சாப்பாடு ரெண்டு நேரத்துக்கு மேல போனா வயிறு காட்டிக் குடுத்திரும், டூரில வயித்தாலடி வந்து ட்ரம்ஸுக்குப் பின்னால இருக்கிறதை விடக் கஸ்டம் ஒண்டும் இல்ல. ஷோவுக்கு முதல் கொத்து சாப்பிடாதீங்க, முடிஞ்ச பிறகு எவ்வளவும் சாப்பிடுங்க.

குடி, தூள் எல்லாம் இருக்குமே?

எங்கட ஷோவில இல்ல. நானும் பேஸ்காரனும் தொடவே மாட்டம், மத்த ரெண்டு பேரும் ஷோ இருக்கிற கிழமையில தொட மாட்டாங்க. ஹார்ட்கோருக்குள்ள ஸ்ட்ரெயிட் எட்ஜ் எண்டு ஒரு வழி இருக்கு, குடி, சிகரெட், போதை ஒண்டும் வேணாம் எண்டு. அதின்ட அடையாளம் கையில போடுற எக்ஸ். 1980ல அந்த டீன் ஐடில்ஸ் பொடியனுகள் கலிபோர்னியாப் பக்கம் அடிக்கப் போகக்குள்ள வயசு காணாது, பாரில குடிக்கக் குடுக்கக் கூடாது எண்டு தெரியிறதுக்காகக் கையில எக்ஸ் போட்டு விட்டாங்க, அதைத் தங்கட ஊருக்குக் கொண்டு போய்ப் பெருமையாவே போட்டுக்கிட்டாங்க. எங்கட ஊர்களில கசிப்பால எத்தினை வீடு போயிருக்கு எண்டு ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்ல. தாய் தகப்பன் புள்ளையை எங்கட ஷோவுக்கு விடுறாங்க எண்டா அது இதாலதான்.

பிட்டில அடிபடாதா? பொம்புளப் புள்ளைகள் வரலாமா?

பிட் எண்டா எங்களுக்கு முன்னால ஆக்கள் முட்டி மோதி ஆடுற இடம். அடிபடும், சின்னச் சிராய்ப்பு. ஆள் விழுந்தா உடனே தூக்கி விடணும், அது எழுதாத சட்டம். எங்கட ஷோவில யாரும் ஒரு புள்ளையில வேணுமெண்டு கை வச்சா பாட்டை அந்த இடத்திலயே நிப்பாட்டிருவம், அந்த ஆள் வெளியில போகும் வரைக்கும் திரும்ப அடிக்க மாட்டம். மூண்டு தரம் நிப்பாட்டியிருக்கம். வாங்க, முன்னுக்கே நில்லுங்க.

காது போயிராதா?

போகும், கவனம் இல்லாட்டி. இதைக் கொஞ்சம் நிதானமா வாசிங்க. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம் காது தாங்கும் எண்டு ஒரு கணக்கு, அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் அரைவாசியாகும். 100 எண்டா 15 நிமிசம். நாங்க சின்ன அறையில அடிக்கக்குள்ள 110க்குப் போகும், அதுக்குக் கணக்குப்படி ஒண்டரை நிமிசம்தான், எங்கட ஒரு பாட்டு அவ்வளவுதான். நான் முதல் மூண்டு வருசம் ஒண்டும் போடல்ல. இப்ப ராவில எல்லாரும் படுத்த பிறகு என்ட இடது காதில ஒரு "ங்ங்" சத்தம் விடாமக் கேக்கும், அது இனிப் போகாது. ஹார்ட்வெயார் கடையில ஸ்பொஞ்ச் காதடைப்பு கொஞ்சக் காசுக்கு இருக்கு, வாங்கி உருட்டி உள்ள வைங்க, கேக்க வாறவங்களும்தான்.

சாமான்களை எப்பிடிப் பாக்கிறீங்க?

எங்களுக்கு எதிரி உப்புக் காத்து. கம்பி ஒரு கிழமையில துருப் பிடிக்கும். அடிச்சு முடிஞ்ச உடனே காய்ஞ்ச துணியால ஒவ்வொரு கம்பியாத் துடைக்கணும், சப்பாத்துப் பெட்டிக்குள்ள வாற அந்தச் சின்ன சிலிக்கா பக்கெட்டுகளை எறியாமச் சேத்து கிட்டார் பைக்குள்ள போடுங்க. சிம்பலில வெடிப்பு விழுந்தா அந்த வெடிப்பு முடியிற இடத்தில சின்ன ஓட்டை போட்டா வெடிப்பு ஓடுறது மட்டுப்படும்.

பொலிஸ் பிரச்சினை?

முறையாப் போனா இல்ல. கிராம சேவகரிட்டக் கடிதம், பொலிஸில லவுட்ஸ்பீக்கர் பெர்மிட், ரா 10 மணிக்கு முதல் முடிக்கணும். பக்கத்து வீடுகளுக்கு முதல் நாளே நேர போய்ச் சொல்லிருவம், கோயில் பூசை, பள்ளித் தொழுகை நேரம் கேட்டு அதுக்கு இடம் விட்டுத்தான் செட் போடுவம்.

இவ்வளவு வருசம் நாலு பேரும் சண்டை பிடிக்காம எப்பிடி?

சண்டை பிடிச்சிருக்கம், வேன் ஜன்னல் பக்கம் யார் இருக்கிறது எண்டதுக்கெல்லாம். அது பிரச்சினை இல்ல. பிரச்சினை வந்தது 2019ல. சித்திரை 21, ஈஸ்டர் ஞாயிறு, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில குண்டு வெடிச்சது, செத்ததில கனபேர் சின்னப் புள்ளைகள். எங்கட ஊரே கறுத்துப் போச்சு. எங்கட பேஸ்காரன் முஸ்லிம். அவன் அண்டைக்குப் பின்னேரம் கோல் எடுத்து ஒண்டும் சொல்லாம அழுதான், நானும் ஒண்டும் சொல்லல்ல. அதுக்குப் பிறகு அவனால பஸ்ஸில வர ஏலல்ல, பையைத் திறந்து காட்டு எண்டு சொல்றதும் பாக்கிற பார்வையும். எங்கட பக்கத்திலயும் "இனி அவனோட என்ன பேண்ட்" எண்டு கேட்டவங்க இருந்தாங்க, என்ட சொந்தத்துக்குள்ளயே. அஞ்சு மாசம் பிராக்டிஸ் இல்ல.

பிறகு ஒரு நாள் பாடுறவன் சொன்னான், அவன் வரேலாட்டி நாம போவம். ஆட்டோவில ஸ்நேரையும் கிட்டாரையும் ஏத்திக்கிட்டு அக்கரைப்பற்றுக்குப் போனம். அவன்ட உம்மா கதவைத் திறந்து எங்களைக் கண்டதும் கொஞ்ச நேரம் அப்பிடியே நிண்டா, பிறகு "வாங்க மகன், தின்னுட்டு அடிங்க" எண்டா. வாப்பாட நெல்லு ஸ்டோருக்குள்ளதான் அடிச்சம், சாக்கில எல்லாம் சத்தம் அமுங்கிப் போய் ஒண்டும் ஒழுங்காக் கேக்கல்ல, நாலு பேரும் ஒவ்வொரு இடத்தில பிழை விட்டம். வெளிக்கிடக்குள்ள உம்மா ஒரு பார்சல் சோறு கட்டி ட்ரம்முக்குள்ள வச்சு விட்டா. இப்பவும் மாசத்தில ஒரு பிராக்டிஸ் அந்த ஸ்டோரிலதான்.

நாங்களும் தொடங்கப் போறம், என்ன வேணும்?

மூண்டு பேர், ஒரு கிட்டார், அடிக்க ஏதாவது. நல்லா வாசிக்கத் தெரிஞ்ச பிறகு தொடங்குவம் எண்டு இருக்காதீங்க. நாலு பாட்டு வந்தா ஷோ வைங்க, எங்களைக் கூப்பிடுங்க, ட்ரம்ஸ் நாங்க கொண்டு வாறம்.

எங்கட ஊருக்கும் வருவீங்களா?

வருவம். ஒரு 15 அம்பியர் பிளக் பொயின்ட் வேணும், அதில எர்த் வேலை செய்யணும். இதை ஏன் இவ்வளவு சொல்றன் எண்டா ஒரு ஹோலில எர்த் அறுந்து கிடந்தது தெரியாமப் போட்டு, ஒரு கையால கிட்டார் கம்பியைப் பிடிச்சபடி கூடச் சேந்து பாட மைக்கில வாயை வச்ச கிட்டார்காரனுக்கு ஷொக் அடிச்சது, அவனை விலத்தப் போன பாடுறவனுக்கும் அடிச்சது, ஒருத்தன்ட சொண்டு ரெண்டு கிழமை வீங்கி இருந்தது. இப்ப நான் டெஸ்டர் வச்சுப் பாக்காம ஒருத்தரையும் மைக்குக்குக் கிட்டப் போக விடுறதில்ல. மத்தப்படி கூரை இருந்தா நல்லம், இல்லாட்டி மாமர நிழல். ராவைக்கு எங்க நாலு பேருக்கும் டிரைவர் அண்ணனுக்கும் அஞ்சு பாய். அண்ணன் ரா ஓடிக் களைச்சவர், அவருக்கு மட்டும் ஃபேன் உள்ள இடம் பாத்துக் குடுங்க.